ஒரு மீட்டர் ஓதத்தில் வாழும் கழி: எண்ணூர் சதுப்பு தொழில் நிலமான வரலாறு

சென்னைக் கடலில் ஓதத்தின், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதன், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர். இடைப்பட்ட நாட்களில் அரை மீட்டர்கூட இருக்காது. வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்துக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள முதலில் மனதில் வைக்கவேண்டிய எண் இதுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டர் ஏறி இறங்கும். அங்கே சேற்றுத் திட்டில் மூன்றடி மண் விழுந்தாலும் கடல் அதன்மேல் ஏறி வந்துவிடும். எண்ணூரில் மூன்றடி விழுந்தால் அந்த இடம் அன்றோடு தரை. ஓதம் அதை மறுபடி தொடாது. நண்டு வராது, இறால் குஞ்சு வராது, சில வருடங்களில் சீமைக்கருவேலம் முளைத்துவிடும். பிறகு யார் வந்து பார்த்தாலும் 'தரிசு நிலம்' என்றுதான் எழுதுவார்கள்.

எண்ணூரை அழிக்க மலையை வெட்டிக் கொட்ட வேண்டியிருக்கவில்லை. சில அடிகள் போதுமாக இருந்தன. அந்தச் சில அடிகள் எங்கிருந்து வந்தன, எந்த வரிசையில் வந்தன, எந்தக் காகிதம் அவற்றுக்கு வழிவிட்டது என்பதே இந்த ஆய்வு.

நீரின் அமைப்பு

கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, திருவள்ளூர் மாவட்டத்தின் வயல்களையும் ஏரிகளையும் தொட்டுக்கொண்டு, எண்ணூரில் முகத்துவாரகுப்பத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே ஆறு இரண்டு பக்கமும் கிளை விரிக்கிறது. தெற்கே பக்கிங்காம் கால்வாய் நகரத்தை நோக்கிப் போகிறது. வடக்கே அதே கால்வாயும் கழியின் வடகிளையும் காட்டுப்பள்ளித் தீவின் முதுகை ஒட்டிப் பழவேற்காடு ஏரி வரை போகின்றன. மேற்கிலிருந்து புழல் ஏரியின் உபரிநீரும் சடையங்குப்பம் வழியாக இங்கேயே வந்து சேர்கிறது. வடசென்னையின் மழைநீரில் பெரும்பகுதிக்குக் கடைசிக் கதவு இந்த ஒரு முகத்துவாரம்தான்.

மீனவர் பேச்சில் இது பெரும்பாலும் 'ஆறு'தான். கழிமுகம், சதுப்பு என்பதெல்லாம் அலுவலகச் சொற்கள். அந்த 'ஆற்றுக்குள்' மூன்று மட்டங்கள் உண்டு. எப்போதும் நீர் நிற்கும் ஓடை ஒன்று. ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டும் அலையாத்திக் கரையும் இரண்டாவது. பெரிய ஓதத்திலும் வெள்ளத்திலும் மட்டும் நனையும் களர்நிலமும் உப்பளமும் மூன்றாவது. ஒரு மட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று அடிக்கு மேல் வேறுபாடு இருக்காது. மடவையும் கிழங்கானும் பன்னாவும் ஓடையில். சேற்று நண்டு அலையாத்தி வேரடியில். இறால் மூன்று மட்டங்களையும் பயன்படுத்தும்: கடலில் பொரித்த குஞ்சுகள் ஏற்றத்தோடு உள்ளே வந்து, மூன்று நான்கு மாதம் ஆழமில்லாத நீரில் தின்று வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போகும். பகலில் மணல் கலந்த சேற்றுக்குள் புதைந்திருக்கும். வலையே இல்லாமல், பறி என்னும் கூடையைப் பல்லில் கவ்வியபடி, இடுப்பளவு நீரில் கையால் தரையைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்தத் தரையின் மென்மைதான் தொழிற்கருவி.

உப்பளத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத்தான் பிற்காலத்தில் 'ஏற்கெனவே கெட்டுப்போன நிலம்' என்று வாதிட்டார்கள். உப்பு விளைச்சல் தை, மாசியில் தொடங்கி மழைக்கு முன் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகள் சும்மா கிடக்கும். அப்போதுதான் வடகிழக்குப் பருவ மழையின் வெள்ளம் வரும். பாத்தி வரப்புகள் முழங்கால் உயரம்கூட இல்லை, வெள்ளம் அவற்றின்மேல் ஏறிப் பரவி நின்று, ஓதம் இறங்கும்போது வடியும். ஒரே நிலம் ஒன்பது மாதம் உப்புக்கும் மூன்று மாதம் வெள்ளத்துக்கும் பயன்பட்டது. மனிதர் கைவைத்த சதுப்பாக இருந்தாலும் அதன் வேலையை அது விடவில்லை.

1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். அது பழவேற்காடு வரையும் அதற்கு அப்பாலும் நீண்டு, 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பெரிதாக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. கழியில் மனிதர் செய்த முதல் பெரிய மாற்றம் இது. ஆனாலும் அது ஓதம் புகும் வழியைக் கூட்டியதே தவிர அடைக்கவில்லை. அதன் கெடுதல் வேறு வகையில் 160 ஆண்டு கழித்து வந்தது: மணலியின் ஆலைக் கழிவுக்கு அது ஆயத்தமான வாய்க்காலாக அமைந்துவிட்டது.

ஆலைகள் ஏன் இங்கே வந்தன

1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (பின்னாளில் அசோக் லேலண்ட்) எண்ணூரில் அமைந்தது. 1960களின் இரண்டாம் பாதியில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எழுந்தன. 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. இரண்டு 60 மெகாவாட், மூன்று 110 மெகாவாட் அலகுகள், மொத்தம் 450. காரணங்கள் எளிமையானவை. ரயில் பாதை பக்கத்தில். குளிர்விக்கக் கடல்நீர் பக்கத்தில். நகரத்தின் மின்தேவை பக்கத்தில். நிலம் பெரும்பாலும் புறம்போக்கு அல்லது உப்புத் துறையுடையது. பட்டாதாரர் ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை, ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதிக்கொடுத்தால் முடிந்தது.

இந்தக் கடைசிக் காரணம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது என்பது எங்கள் கணிப்பு. வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு என்பது 'வரி கட்டாத பொது நிலம்' என்று பொருள்படும். ஏரி, ஆறு, மேய்ச்சல், சுடுகாடு எல்லாமே அதில் அடக்கம். ஊரார் அனைவரும் பயன்படுத்துவதால் யாருக்கும் தனியே எழுதிக்கொடுக்கப்படாத நிலம். நிலமாற்றக் கோப்புகளில் அதே சொல் 'யாரும் பயன்படுத்தாத நிலம்' என்று வாசிக்கப்பட்டது. எண்ணூரில் இறால் பிடித்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை, ஆகவே இழப்பீட்டுப் பட்டியலிலும் இடமில்லை.

அடுத்த அலை 1990களில். வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் கட்டம், மூன்று 210 மெகாவாட் அலகுகள், 1994-96இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து கப்பலில் நிலக்கரி இறக்கத் தனித் துறைமுகம் வேண்டும்; 2001இல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. 2012 முதல் 2015க்குள் வல்லூரில் மூன்று 500 மெகாவாட் அலகுகளும், 2013-14இல் வடசென்னை இரண்டாம் கட்டமாக இரண்டு 600 மெகாவாட் அலகுகளும் வந்தன. நிலக்கரிக்குத் துறைமுகம், துறைமுகத்துக்குச் சாலை, சாலை வந்ததால் எண்ணெய்க் கிடங்கு, கார் ஏற்றுமதி முற்றம், சரக்குப் பெட்டி முனையம். ஒவ்வொன்றும் தனித் திட்டமாக, தனிச் சூழல் அனுமதியோடு வந்தது. மொத்தமாகச் சேர்த்துக் கழி எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி எந்த அனுமதிக் கோப்பிலும் மையக் கேள்வியாக இல்லை.

நிலம் உண்டாக்கும் முறை

சதுப்பை மேடாக்க எளிய வழி துறைமுகத்தின் தூர்மணல். கப்பல் வரும் வழியை ஆழப்படுத்தும்போது லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வெளிவரும். அதைக் கடலில் தூரத்தில் கொட்டுவது செலவு. பக்கத்தில் பள்ளமான நிலம் இருந்தால் ஒரே வேலையில் இரண்டு லாபம். முதலில் சுற்றிலும் மண் கரை போடுகிறார்கள். அந்தக் கணமே ஓதம் நின்றுவிடுகிறது. பிறகு மணலும் நீரும் கலந்த குழம்பைக் குழாயில் உள்ளே அடிக்கிறார்கள். மணல் படிய, நீர் மறுபக்க மதகில் வடிகிறது. அந்த வடிநீரோடு போகும் நுண்களிமண் பக்கத்து ஓடையில் படிந்து, கரைக்கு வெளியே உள்ள சேற்றையும் மூடுகிறது. பறிபோகும் பரப்பு எப்போதும் வரைபடத்தில் கோடு போட்ட பரப்பைவிட அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ஏக்கரை இரண்டு மீட்டர் உயர்த்த சுமார் 8,100 கன மீட்டர் மண் வேண்டும். பத்து கன மீட்டர் டிப்பரில் 800 நடைக்கு மேல். அடியில் இருப்பது கடற்களிமண் என்பதால் கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கும், மறுபடி மறுபடி கொட்ட வேண்டியிருக்கும்.

இதனால் போகும் வெள்ளக் கொள்ளளவைக் கணக்கிடலாம். ஆயிரம் ஏக்கரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சுமார் 40 லட்சம் கன மீட்டர், அதாவது 143 மில்லியன் கன அடி. ஆற்றில் விநாடிக்கு 10,000 கன அடி வந்தால், ஏறத்தாழ நான்கு மணி நேர வெள்ளத்தை அந்த இடம் வாங்கி வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேரம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஓதம் உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏற்றம் இருக்கும்போது முகத்துவாரம் வெள்ளத்தை வாங்காது. அந்த இடைவேளையைச் சமாளிப்பதுதான் சதுப்பின் வேலை. அதை நிரப்பினால் நீர் காத்திருக்கும் இடம் மணலி புதுநகரின் தெருக்களாக மாறும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் அப்படித்தான் ஆனது.

1996க்குப் பிறகு இப்படிக் கழியிலிருந்து எடுக்கப்பட்டது ஆயிரம் ஏக்கருக்கு மேல் என்பது இங்கு வேலை செய்யும் சூழலியல் குழுக்களின் கணக்கு. இப்படி நிலத்தை எடுத்தவை பெரும்பாலும் பொதுத் துறை நிறுவனங்கள்.

சாம்பல்

தூர்மணல் கழியை விளிம்பிலிருந்து சுருக்கியது. சாம்பல் அதை உள்ளிருந்து மேடாக்கியது. எண்ணூரில் நடந்தவற்றில் மிகக் குறைந்த செலவில் தவிர்த்திருக்கக்கூடியதும் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒரு நாளைக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி எரிக்கும்; 1,200 டன் சாம்பல் மிஞ்சும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் விழும் கனமான அடிச்சாம்பல். மீதி புகையோடு போய், புகையிலிருந்து தூசைப் பிடிக்கும் மின்வீழ்படிவிகளில் சிக்கும் பறக்கும் சாம்பல், மாவைப்போல் நுண்ணியது. உலர்ந்த நிலையில் எடுத்தால் சிமென்ட் ஆலையும் செங்கல் சூளையும் வாங்கிக்கொள்ளும். எடுக்க ஆளில்லாதபோது அதை நீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு பங்கு சாம்பலுக்குப் பல பங்கு நீர். கடலோர நிலையம் என்றால் அந்த நீர் கடல்நீராக இருப்பது வழக்கம்.

வடசென்னை நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. நிலையத்துக்கும் குளத்துக்கும் நடுவே ஆறு. குழாய்கள் ஆற்றின்மேல் தூண்களில் போகின்றன.

சாம்பல் குழம்புக் குழாய் ஏன் உடைகிறது? குழம்பின் வேகம் விநாடிக்கு சுமார் இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் சாம்பல் குழாயின் அடியில் படிந்து அடைக்கும். வேகம் கூடினால் தேய்மானம் அதைவிடப் பல மடங்கு கூடும். எப்படி ஓட்டினாலும் கனமான துகள்கள் அடிப்பக்கத்தில்தான் உரசிப் போகும். ஆகவே குழாயின் மேல்பாதி புதிதாக இருக்கும்போதே அடி காகிதம்போல் மெலிந்துவிடும். இதற்கான பழைய, எளிய வழி: குறிப்பிட்ட இடைவெளியில் குழாயைக் கழற்றி கால்வட்டமோ மூன்றில் ஒரு வட்டமோ திருப்பிப் பூட்டுவது. அப்படிச் செய்தால் ஒரு குழாய் மூன்று நான்கு ஆயுள் உழைக்கும். திருப்பாமல் விட்டால் அடியில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தால், அந்த விளிம்பில் குழம்பு சுழன்று சற்று தள்ளி அடுத்த ஓட்டையைப் போடும். இதோடு கடல்நீரின் உப்பு வெளிப்பக்கத்தையும் பற்றவைப்பையும் அரிக்கும். வளைவுகளும் இணைப்புகளும் முதலில் போகும். கடைசியில் ஒட்டுமேல் ஒட்டாக, எங்கே தொட்டாலும் பீச்சும் நிலைக்குக் குழாய் வந்துவிடும்.

தரையில் ஓடும் குழாயானால் கசிவு ஒரு குட்டையாகத் தேங்கும், யாராவது பார்ப்பார்கள். ஆற்றின்மேல் ஓடினால் நேராக நீரில் விழும். சாம்பல் படியும், நீர் தெளிந்துவிடும், மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. குழாய்க்கு அடியில் ஒரு தொட்டிவாய்க்கால், இரு முனையிலும் ஓட்டமானி, இரண்டு அளவுக்கும் வேறுபாடு வந்தால் பம்பை நிறுத்தும் ஏற்பாடு: ஒரு மின்நிலையத்தின் கணக்கில் இவை பெரிய செலவில்லை.

படிந்த சாம்பல் சேறாக மாறுவதில்லை. சிலிக்காவும் அலுமினாவும் நிறைந்த அதன் துகள்கள் நெருக்கமாக அடைந்து, சுண்ணாம்புச் சத்து இருக்கும் இடத்தில் மெல்ல இறுகும். கால் வைத்தால் மேலே வழவழப்பு, கீழே கெட்டி. இறால் புதைய முடியாது. புழு துளைக்க முடியாது. புழு இல்லையென்றால் மீனுக்கு இரை இல்லை. ஆர்சனிக், காரீயம், குரோமியம் போன்றவை சிறுகச் சிறுகக் கரைந்து வருவது இன்னொரு பக்கம். குளத்தின் கடல்நீர் கீழே இறங்கி ஊர்க் கிணறுகளை உவர்ப்பாக்குவது வேறொரு பக்கம். செப்பாக்கத்தில் கோடைக்காற்று அடித்தால் காய்ந்த குளத்தின் சாம்பல் வீட்டுக்குள் வரும், சோற்றுப் பானைமேல் படியும்.

சாம்பலை முழுவதும் பயன்படுத்த வேண்டும் என்று 1999லிருந்தே மத்திய அரசின் அறிவிக்கைகள் சொல்கின்றன. 2003, 2009, 2016இல் வந்த திருத்தங்களோடு கெடு நீண்டுகொண்டே போனது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கைதான் பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்தது. மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் தீர்ப்பளித்தபோது, குழாய்களைச் சரிசெய்வதோடு படிந்த சாம்பலை அகற்றிக் கழியை மீட்கும் பொறுப்பும் மின்வாரியத்தின்மேல் விழுந்தது.

வெந்நீரும் முகத்துவாரமும்

நீரை ஒருமுறை ஓடவிட்டு அப்படியே வெளியே விடும் நேரடிக் குளிர்விப்பு முறையில் ஒரு மெகாவாட்டுக்கு மணிக்குச் சுமார் 150 கன மீட்டர் நீர் வேண்டும். 210 மெகாவாட் அலகுக்கு 30,000 கன மீட்டருக்குக் குறையாது. 1999 ஜூன் மாதத்துக்குப் பின் வந்த கடலோர நிலையங்களில் வெளிவிடும் நீர் சுற்றுநீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்பது விதி. பழைய நிலையங்களுக்கு, நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குள் போகும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் உள்ள வேறுபாடு 10 டிகிரி வரை. திறந்த கடலில் கலந்தால் இந்தச் சூடு சில நூறு மீட்டரில் கரைந்துவிடும். குறுகிய, ஆழமில்லாத கழியில் விட்டால் சித்திரை, வைகாசியில் நீர் இறால் குஞ்சு தாங்கும் எல்லையைத் தாண்டும். சாம்பலால் ஆழம் குறைந்த இடத்தில் அதே வெந்நீர் இன்னும் தூரம் பரவும்.

முகத்துவாரத்தைப் பொறுத்தவரை, இந்தக் கரையில் மணல் ஆண்டு நிகரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கே சென்னைத் துறைமுகம் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டதால் மெரினா அகன்றது, இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. வடக்கே எண்ணூர் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், வரும் மணலை முகத்துவாரத்தின் பக்கத்திலேயே நிறுத்துகிறது. முன்பு ஆற்றின் வெள்ளமும் தினசரி ஓதமும் சேர்ந்து மணல்திட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தன. உள்ளே வந்து போகும் ஓதநீரின் அளவுதான் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கும் விசை. கழியின் பரப்பைக் குறைத்தால் அந்த நீர் குறையும், விசை குறையும், திட்டு வளரும். பிறகு இயந்திரத்தால் தூர்வார வேண்டும். இலவசமாக நடந்த வேலைக்கு இப்போது வருடந்தோறும் டெண்டர்.

வரைபடம்

1991 பிப்ரவரி 19 அன்று வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் ஏறி இறங்கும் நிலத்தை முதல் வகையில் வைத்து அங்கே நிரப்புவதைத் தடைசெய்தது. ஓதம் எதுவரை என்பதற்குப் பின்னர் ஒரு தெளிவான அளவுகோலும் வந்தது: வருடத்தின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. அந்த அளவுகோலில் எண்ணூர் கழி முழுவதும் உள்ளே வரும். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடமும் அப்படியே காட்டியது: 6,469 ஏக்கர் கழி.

பின்னாளில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 1997ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு வரைபடம் வெளிவந்தது. அதில் அந்த 6,469 ஏக்கர் இல்லை. கழி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நிலம். ஆறு போகும் இடத்தை எவராலும் மறைக்க முடியாது. ஆனால் ஓதக்கோட்டை அங்குமிங்கும் நகர்த்த ஒரு பேனா போதும். நிலம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டால் அடுத்த அளவீட்டில் அங்கே ஓதம் இருக்காது, அதனால் அந்த நிலம் சட்டப்படியும் விடுவிக்கப்பட்டுவிடும். இந்தச் சுழற்சியை உடைக்கப் பழைய வரைபடத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று மீனவர்கள் விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

2017 ஈரநில விதிகள் உதவுமா என்றால், உதவாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் நிலங்களுக்கு அவை பொருந்தாது. ஆற்றுப்படுகையும் உப்பு விளைவிக்க அமைத்த நிலமும் ஈரநிலம் என்ற வரையறைக்கே வெளியே. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. அதே நகரத்தின் வடக்கே உள்ள எண்ணூருக்குக் கைகொடுக்க ஒரே ஒரு சட்டம்தான், அதுவும் ஒரு கோட்டின்மேல் நிற்கிறது.

கடைசிக் கொள்கலன்

மேலே நடக்கும் எல்லாத் தவறும் கீழே வந்து சேரும் இடம் கழி. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எரிஎண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி, ஆறு முழுவதும் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிய பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

எண்ணெய்க் கசிவில் தவறியது எது என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆலை வளாகத்தில் மழைநீரும் எண்ணெய்க் கழிவுநீரும் தனித்தனியே ஓடவேண்டும். வளாகமே மூழ்கும் வெள்ளத்தில் இரண்டும் கலக்கும், எண்ணெய் பிரிக்கும் தொட்டிகள் வழியும். கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் முதல் சில மணி நேரத்தில் மிதவைத் தடுப்பு போட்டிருந்தால் பெரும்பகுதியை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எண்ணெய் ஓத நீரில் ஏறிவிட்டால், ஒவ்வொரு வற்றத்திலும் ஒரு கோடு கரையில் ஒட்டும். அலையாத்தியின் மூச்சுவேர்கள் மேல் பூசிக்கொள்ளும். அதைக் கழுவ வழியில்லை. எண்ணூரில் மீனவர்கள் பக்கெட்டாலும் குவளையாலும் அள்ளினார்கள். அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும் 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. பாழான வலைக்கும் பிடிப்பில்லாத மாதங்களுக்கும் அது காணாது.

இப்போது இன்னொரு படையெடுப்பு. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிறிய கறுப்புச் சிப்பியை இங்கே காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல்கள் நிலையாக மிதக்க ஏற்றிக்கொள்ளும் நிலைப்புநீரில் வந்திருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. இது நூல் விட்டு ஒன்றையொன்று பிணைத்து, சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் படரும். அடியில் உள்ள மட்டியும் புழுவும் மூச்சு முட்டிச் சாகும். இறாலுக்குப் புதைய இடமில்லை. கையால் தடவிப் பிடிப்பவரின் விரல்களை ஓடு கிழிக்கும். அகற்றும்போது செய்யக்கூடாதது, வாரியதைப் பக்கத்திலேயே நீரில் உதறுவது. பிய்ந்த கொத்து மிதந்து போய் வேறிடத்தில் ஒட்டும். உயர் ஓதக்கோட்டுக்கு மேலே கொண்டுபோய்க் காயவிட்டுப் புதைக்கவேண்டும். பாலங்களின் தூணும் குழாய்த் தூணும் அதற்கு விதைமேடை என்பதால் அவற்றையும் சுரண்டவேண்டும்.

மீட்பு வேலையின் வரிசை

கழியை மீட்பது என்றதும் எல்லோரும் முதலில் அலையாத்திக் கன்றோடு வருகிறார்கள். சாம்பல் படிந்த திட்டில் நட்ட கன்று ஒரு கோடையைத் தாண்டாது. நல்ல சேற்றுத் திட்டில் நட்டால் அது பறவையும் நண்டும் மேயும் இடத்தைப் பறிக்கும். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்துக்கு வேண்டியது சரியான மட்டம்: மாதத்தில் பல நாள் நனையவேண்டும், ஒவ்வொரு நாளும் வடியவேண்டும். பிச்சாவரத்தில் கெட்ட காட்டை மீட்டபோது முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள், நடவு அதற்குப் பிறகுதான். எண்ணூரிலும் பல இடங்களில் போட்ட கரையை வெட்டி ஓதத்துக்குத் திறந்துவிட்டாலே விதை தானே வந்து சேரும்.

முதல் வேலை குழாய். கசியும் குழாய் தலைக்குமேல் ஓடும்போது கீழே சாம்பலை அள்ளுவதில் பயனில்லை. இரண்டாவது அளவெடுப்பு. ஆற்றின் குறுக்கே கோடு கோடாகத் துளைமண் எடுத்தால் மேலே சாம்பல் எவ்வளவு, கீழே பழைய சேறு எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்று தெரியும். சாம்பல் வெளிர் சாம்பல் நிறம், விரலில் தேய்த்தால் மாவு. பழைய சேறு கறுப்பு, பிசுபிசுப்பு, கந்தக வாடை. அந்தக் கோட்டோடு நிறுத்தவேண்டும். ஆழமாக அள்ளினால் ஒப்பந்ததாரருக்குக் கன மீட்டர் கூடும், கழிக்கு உள்ளதும் போகும். வேலை நடக்கும்போது சுற்றிலும் கலங்கல் தடுப்புத் திரை வேண்டும். அள்ளியதை ஆற்றோரம் குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும்.

முகத்துவாரம் வடகிழக்குப் பருவத்துக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கியின் 251 மில்லியன் டாலர் கடனோடு கொசஸ்தலை வடிநிலத்தில் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம், மேலிருக்கும் நீரை இன்னும் வேகமாகக் கீழே கொண்டுவரும். வந்து சேரும் இடத்தின் கொள்ளளவு அதே அளவில் இருந்தால்தான் அந்த வடிகால்கள் வேலை செய்யும். எண்ணூர் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் முன்மொழிவின் பொதுக் கேட்பு 2021 ஜனவரியில் ஒருமுறையும் 2023 செப்டம்பரில் இன்னொரு முறையும் தள்ளிப்போனது.

மட்டக்கல் நடுவது இன்று தொடங்கக்கூடிய வேலை. 1996 வரைபடத்தின் எல்லையில், ஒவ்வொரு சில நூறு மீட்டருக்கும் ஒரு கல், அதில் கடல்மட்டத்திலிருந்து உயரம் பொறித்து. காட்டுக்குப்பத்திலோ செப்பாக்கத்திலோ ஒருவர் கம்பும் நூலும் கொண்டு போய் அளந்தால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட முடியவேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, அமாவாசை ஏற்றத்தில் நீர் கல்லைத் தொடுகிறதா என்று பார்த்துக் குறிக்கவேண்டும்.